நிலாவாரையும் வேண்டாத கடிதங்களும்

2004 வாக்கில் பாளையங்கோட்டையில் நிலாவாரை ஏற்றுமதி செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றில் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் பார்த்துக்கொண்டிருந்தேன். சாத்தான்குளம் பக்கம் விளையும் இலை தூத்துக்குடியில் கப்பலேறும். வெளிநாட்டுச் சந்தையில் அதற்குப் பெயரே 'டின்னவெல்லி சென்னா'. மலச்சிக்கல் மருந்துக்கும் மூலிகைத் தேநீருக்கும் வாங்குவார்கள்.

வினையே அங்குதான். மின்னஞ்சல் வசதி தந்தவர்கள் தங்கள் பக்கமே ஒரு வடிகட்டி வைத்திருந்தார்கள். மூலிகை, எடை குறைப்பு என்று எழுதியிருந்தால் ஸ்பாம், அதாவது வேண்டாத கடிதம். ஜெர்மனியிலிருந்து மாதிரி கேட்டு வந்த கடிதம் பதினோரு நாள் அந்தக் குப்பையில் கிடந்தது. நான் கண்டெடுத்தபோது அவர் வேறிடத்தில் வாங்கிவிட்டார். முதலாளி அண்ணாச்சி திட்டவில்லை. "ஏ டே, நம்ம பொழப்பே அவனுக்குக் குப்பையாத் தெரியுதுல்லா" என்றார்.

வடிகட்டியை நிறுத்தச் சொன்னோம். மறுநாள் காலை மோடம் கீச்சிட்டுத் தொடர்பு பிடித்ததும் வயாகராவும் லாட்டரியும் கொட்டின. அப்புறம்தான் பாப்ஃபைல் கிடைத்தது. ஸ்பாமைப் பிரித்துக் கொடுக்க ஜான் கிரஹாம்-கம்மிங் எழுதிய இலவச மென்பொருள். சர்வருக்கும், நாம் கடிதம் படிக்கும் அவுட்லுக் எக்ஸ்பிரஸுக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். அதற்கென்று முன்கூட்டி எந்த விதியும் கிடையாது. கிட்டங்கியில் இலை பொறுக்க வரும் அக்காமாருக்கு யாரும் விதி எழுதிக் கொடுப்பதில்லை. நல்ல இலை ஒரு கை, பழுத்தது ஒரு கை காட்டினால் போதும். இதுவும் அப்படித்தான். எந்தச் சொல் எந்தக் குவியலில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி வைத்துக்கொள்ளும். புதுக் கடிதம் வந்தால் அதன் சொற்களையெல்லாம் சேர்த்துப் பார்த்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லும். அடிப்படை தாமஸ் பேய்ஸ் என்ற பாதிரியாரின் கணக்கு, அவர் இறந்த பிறகு 1763-இல் அச்சானது. பாதிரியார் சொல்லிக்கொடுத்துப் படிப்பது பாளையங்கோட்டைக்குப் புதிதா என்ன!

2002-இல் பால் கிரஹாம் என்ற அமெரிக்க நிரலாளர் இந்த முறையைப் பற்றி எழுதியபோது, ஆபாசச் சொற்களுக்குச் சமமாக ஸ்பாமைக் காட்டிக்கொடுப்பது பளிச்சென்ற சிவப்பு நிறத்துக்கான குறியீடுதான் என்று கண்டார். எங்களிடம் 'சென்னோசைடு' என்ற, நிலாவாரையின் மருந்துச் சத்தைக் குறிக்கும் ஒரு சொல் போதும், கடிதம் சுத்தம். மாத்திரை விற்கிறவன் அதன் சதவீதத்தையா கேட்கப்போகிறான்? 'மூலிகை' இரண்டு குவியலிலும் வந்ததால் செல்லாக்காசு ஆனது. தப்பிக்க நினைத்து வயாகராவை எழுத்து மாற்றி எழுதினார்கள். அப்படி எழுதும் வியாபாரி எங்களுக்கு ஒருவர்கூட இல்லாததால் இன்னும் சுலபமாக மாட்டினார்கள்.

தப்பாகப் பிரித்ததை மட்டும் திருத்திக்கொண்டே வந்தால் போதும். நான் இரண்டு வாரம் பொறுமையாகத் திருத்தினேன். மூன்றாவது வாரம் தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் கப்பல் ஏஜென்ட்டின் கடிதங்கள் அத்தனையும் ஸ்பாமில்! சரக்கில் மண் கலந்திருப்பதாக வந்த புகாரும் அங்கேதான் இருந்தது. வைரஸோ என்று பயந்து ஒரு மணி நேரம் தேடினேன்.

"நான்தான் டே மாத்திவிட்டேன். பாக்கி கேட்டு எழுதுதான். வேண்டாத கடுதாசின்னு நீதான சொன்னே?" என்றார் அண்ணாச்சி.

அவர் சொன்னதில் பிழை இல்லை, மென்பொருளுக்கும் அவ்வளவுதான் தெரியும். ஏஜென்ட்டின் முகவரிக்கு 'மேக்னட்' போட்டேன். அந்த முகவரியிலிருந்து எது வந்தாலும் நேரே நல்ல குவியலுக்குப் போய்விடும். எண்ணிக்கையையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து பழக்கினேன்.

பாப்ஃபைலில் இரண்டு குவியலோடு நிறுத்த வேண்டியதில்லை, எத்தனை வாளி வேண்டுமானாலும் வைக்கலாம். அண்ணாச்சிக்கென்று மூன்றாவதாக ஒன்று வைத்தேன், 'பிறகு' என்று. பாக்கி கேட்கிறவர்கள் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள் போல; மூன்றில் மிகக் குறைவாகத் தப்புச் செய்தது அந்த வாளிதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீ வந்த பிறகு அதைத் திறப்போம்.