கால் தோலா ஊதும் அஞ்சு கப் காவாவும்

துபாய் வந்த புதுசுல லிஃப்ட்ல ஒரு விஷயம் கவனிச்சேன். கதவு தொறக்கும், உள்ள ஒருத்தரும் இருக்க மாட்டாங்க, ஆனா யாரோ நிக்குற மாதிரியே இருக்கும். வெள்ள கந்தூரா போட்ட அரபி யாராவது அஞ்சு நிமிஷம் முன்னாடியே எறங்கிப் போயிருப்பாரு, அவரு வாசன மட்டும் தனியா மேலயும் கீழயும் போய்ட்டு வந்துட்டு இருக்கும். வெல்லப்பாகு கொதிக்கிற எடத்துல பக்கத்துலயே எவனோ மரம் அறுத்தா எப்படி இருக்கும், அப்படி ஒரு வாசன, கூடவே தாத்தா வீட்டு பழைய தேக்கு பீரோவ தொறந்த மாதிரி. நம்ம பத்து திர்ஹம் பாடி ஸ்ப்ரே மெட்ரோ ஸ்டேஷன் வரைக்கும் கூட வந்துட்டு அங்கேர்ந்து நம்மள வழியனுப்பி வச்சிரும்.

அதுதான் ஊதுங்கிற அத்தர்னு ரூம்ல அண்ணாச்சி சொன்னாரு. அண்ணாச்சி திருநெல்வேலி, தெய்ரால எங்க பெட்ஸ்பேஸ்ல மேல் கட்டில் அவரு, கீழ் கட்டில் நான், மொத்தம் ஆறு பேரு. "அது நமக்குக் கட்டுப்படியாவாதுலே"ன்னு சொன்னாரு. அந்த வார்த்தைய சொன்னதாலயே வாங்கணும்னு ஆயிருச்சு.

சம்பளம் வந்த மறுநாள் கோல்டு சூக் பக்கத்துல இருக்குற பெர்ஃப்யூம் சூக்குக்குப் போனேன். சின்னக் கடை, உள்ள காசர்கோட்டு இக்கா ஒருத்தர். நம்ம மூஞ்சியப் பாத்ததும் "தம்பி வா"ன்னாரு, தமிழ்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறாங்களோ. ஊது வேணும்னேன். உடனே ரெண்டு மணிக்கட்டுலயும், ரெண்டு புறங்கையிலயும்னு நாலு எடத்துல நாலு விதமா தொட்டு வச்சாரு. மொதல்ல வச்சத மோந்து பாத்தேன், சத்தியமா சொல்றேன், எங்க ஊர்ல பெரியப்பா வீட்டு மாட்டுத்தொழுவம், அதுவும் மழ பேஞ்ச மறுநாள் காலைல. இதுக்கா இந்த விலைனு கேட்டா இக்கா சிரிக்கிறாரு. அது 'ஹிந்தி'யாம், அதாவது நம்ம அஸ்ஸாம் ஊது. பழகின அரபிங்க அதைத்தான் தேடி வந்து வாங்குவாங்களாம், மொதல் அர மணி நேரம் தொழுவம், அப்புறம் அரமணைனாரு. அடுத்தது 'கம்போடி', கம்போடியா மரத்து வகை, அது மொதல்லேர்ந்தே இனிப்பு, பழம், மரம்னு வந்துச்சு. லிஃப்ட்ல இருந்த ஆளு இவருதான்!

அந்த விலைக்குக் காரணம் கேட்டதுக்கு ஒரு துண்டு கட்டைய எடுத்து கைல குடுத்தாரு. மரம் நல்லா இருக்குறப்ப வெளுத்துப்போய் லேசா இருக்குமாம், ஒரு வாசனையும் கெடையாது, விறகுக்குக் கூட சுமார்தான். பூச்சி ஓட்ட போட்டு, அதுக்குள்ள பூஞ்சை பூந்து, மரம் நோவுல தன்னைக் காப்பாத்திக்க ஒரு பிசின சுரக்கும் பாருங்க, அதுலதான் கட்ட கருத்துப்போயி வாசனையே வருது. பிசின் நல்லா ஏறுன கட்ட தண்ணில போட்டா முங்கிரும். அதாவது நோய் வந்த மரத்துக்குத்தான் மதிப்பு. இந்த மரம் நமக்கும் புதுசு இல்ல, நம்ம பழைய பாட்டுலல்லாம் பொண்ணுங்க கூந்தலுக்குப் புகை காட்டுவாங்களே அகில், அதே அகில்தான். அகர்பத்தில இருக்குற அகரும் இதான், ஊதுபத்தில இருக்குற ஊதும் இதான். நான் முப்பத்திரண்டு வயசு வரைக்கும் ஏத்துனதும் வாயால ஊதி நெருப்ப அணைக்கிறோம்ல, அதனால ஊதுபத்தினு நெனச்சிட்டு இருந்தேன். (வீட்ல நாம வாங்குற பத்து ரூபா பாக்கெட்ல பேர்ல மட்டும்தான் ஊது இருக்கும், அது வேற கதை.) அப்புறம் ரூமுக்கு வந்து தேடிப் பாத்தா அஸ்ஸாம் பக்கத்து மரத்த 1995லயே சைட்டீஸ்னு ஒரு சர்வதேச ஒப்பந்தத்துல சேத்து வியாபாரத்துக்கு கட்டுப்பாடு போட்டுருக்காங்க, அந்த அளவுக்கு வெட்டித் தள்ளியிருக்காங்க.

இங்க அத்தர் எல்லாம் தோலா கணக்கு. ஒரு தோலான்னா பாட்டில்ல 12 மில்லி. நமக்கு கம்போடில கால் தோலா, 3 மில்லி, சுண்டுவிரல் நகம் ஒசரத்துக்குக் கொஞ்சம் மேல ஒரு பாட்டில், 150 திர்ஹம். ஊர் காசுல மூவாயிரத்து சொச்சம். மனசுக்குள்ள பெருக்கிப் பாக்கக் கூடாதுனு எவ்ளோ சொல்லிக்கிட்டாலும் பெருக்கிட்டேன். இக்கா மூடிய தெறந்து அதுலயே ஒட்டியிருக்குற கண்ணாடிக் குச்சியக் காட்டி "ஒரு தொடு மதி, தேய்க்கண்டா"ன்னு ரெண்டு தடவ சொன்னாரு. ஒரு தொடல் போதும், தேய்க்காத. நல்லாத்தான் புரிஞ்சுது.

மறுநாள் காலைல அஞ்சே முக்காலுக்கு குளிச்சிட்டு வந்து, இருட்டுல மொபைல் டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு (லைட்டு போட்டா நைட் ஷிஃப்ட் முடிச்சி படுத்தவன் வைவான்), மணிக்கட்டுல ஒரு தொடு தொட்டேன். ஆஹா. ரெண்டாவது கை. காதுக்குப் பின்னாடி ரெண்டு. ஒரு நிமிஷத்துல பாத்தா வாசனையே தெரியல. என்னடா 150 திர்ஹம் ஒரு நிமிஷத்துல ஆவியாயிருச்சேனு கழுத்துல ஒண்ணு, நெஞ்சுல ஒண்ணு, சட்டக் காலர்ல உள்பக்கம் ஒண்ணு. அப்புறம் குச்சில மிச்சம் ஒட்டியிருக்கே, வேஸ்ட் பண்ணுவானேன்னு கர்ச்சீஃப்ல தொடச்சேன். வாசன எங்கயும் போகல, என் மூக்குதான் அதுக்குப் பழகி வேலைய நிறுத்திருச்சுங்கிறது மேல் கட்டில்லேர்ந்து சத்தம் வந்தப்பதான் தெரிஞ்சுது.

"ஏலே, எவம்லே ரூமுக்குள்ள தச்சுப்பட்டற வச்சிருக்கது?"

அண்ணாச்சி தும்ம ஆரம்பிச்சாரு. ஒண்ணு, ரெண்டு இல்ல, பதினோரு தும்மல், நான் ஷூ லேஸ் கட்டிக்கிட்டே எண்ணுனேன். நைட் ஷிஃப்ட் காரனும் எந்திரிச்சிட்டான். போர்வைக்குள்ளேர்ந்து ஒருத்தன் "யாருக்காவது நிக்காஹ்வா?"ன்னு கேட்டான். நான் சத்தமில்லாம கதவ சாத்திட்டு எறங்கிட்டேன்.

பனியாஸ் ஸ்கொயர்ல ஏறி யூனியன்ல மாறி பர்ஷா பக்கம் போகணும். காலைல அந்த ரெட் லைன் கூட்டம் பத்தி சொல்ல வேணாம், ஒருத்தர் மூச்ச இன்னொருத்தர் விட்ட மாதிரிதான் போவோம். ஆனா அன்னிக்கு எனக்கு மட்டும் சுத்தி ஒரு முழம் எடம் கெடச்சுது. ஒரு ஃபிலிப்பினோ பொண்ணு பேக்லேர்ந்து மாஸ்க்க எடுத்துப் போட்டுக்கிச்சு, என்னைப் பாத்து "சாரி சார்"னு வேற சொல்லுச்சு. மெட்ரோல சாப்பிட்டா 100 திர்ஹம் ஃபைன், வாசனைக்கு ஃபைன் போட்டிருந்தா அன்னிக்கு சம்பளம் முழுசும் காலி. அதே நேரம் அந்தக் கடைசிலேர்ந்து ஒரு பட்டாணி (பட்டான் இனத்து ஆளு) பெரியவர் கூட்டத்த நெம்பிக்கிட்டு வந்து எம்பக்கத்துல நின்னு, கண்ண மூடி, நல்லா இழுத்து ஒரு மூச்சு வாங்கி "மாஷா அல்லாஹ்"ன்னாரு. எறங்குற வரைக்கும் அந்த ஆளு அங்கேர்ந்து நகரல. ஒரு பொண்ணு மாஸ்க் போட, ஒரு தாத்தா தவம் பண்ண, எனக்கு அழுறதா சிரிக்கிறதானு தெரியல.

ஆபீஸ்ல நான் அக்கவுண்ட்ஸ். எங்க அர்பாப், அதான் முதலாளி, வாரத்துக்கு ஒரு தடவதான் வருவாரு, நம்ம நேரம் அன்னிக்குத்தான் வரணுமா. நேரா உள்ள போறவரு என் டேபிள் கிட்ட வந்ததும் நின்னுட்டாரு. நான் எந்திரிச்சேன். நான் சேந்ததுலேர்ந்து அவரு என் டேபிள்ல நின்னதே இல்ல, அதனால வேல போச்சுனுதான் மொதல்ல நெனச்சேன். அவரு என் கையப் புடிச்சி மணிக்கட்ட மூக்கு கிட்ட கொண்டு போனாரு. "கம்போடி?" "எஸ் அர்பாப்." சிரிச்சாரு. எங்ககிட்ட ஹிந்திலதான் பேசுவாரு. "பஹுத் அச்சா. லேகின் பஹுத் ஸியாதா"ன்னாரு. ரொம்ப நல்லாருக்கு, ஆனா ரொம்பவே ஜாஸ்தி. போறப்ப திரும்பி, வியாழக்கிழமை ராத்திரி ஆபீஸ் ஆளுங்க எட்டு பேருக்கும் வீட்ல சாப்பாடுன்னு சொல்லிட்டுப் போனாரு. எகிப்துக்கார மேனேஜர் என்னையே முறைச்சாரு. என் ஊதுக்காகத்தான் சாப்பாடே போடுறாங்கனு நான் முடிவு பண்ணிட்டேன், இன்னிக்கு வரைக்கும் அந்த முடிவுல மாத்தம் இல்ல.

வியாழக்கிழமை. இந்த தடவ ஒழுங்கா ஒரே ஒரு தொடு. மஜ்லிஸ்னு வீட்டுக்கு முன்பக்கமே தனி ஹால், சுத்தி சுவரோரமா மெத்த, செருப்ப வெளில விட்டுட்டு போய் வரிசையா உக்காந்தோம். பேரீச்சம்பழம் வந்துச்சு, காவா வந்துச்சு. காவான்னா நம்ம காப்பி இல்ல, ஏலக்காயும் குங்குமப்பூவும் போட்டு மஞ்சளா, பாலும் கெடையாது சக்கரையும் கெடையாது, கைப்புடி இல்லாத பொம்ம கப்புல ரெண்டு மடக்கு. அப்புறம் சாப்பாடு, ஒரு முழு ஆடு சோத்து மேல படுத்திருந்துச்சு, அதப் பத்தி எழுதுனா இந்தப் பதிவு முடியாது. கை கழுவிட்டு வந்தா பழம், டீ. எல்லாம் முடிஞ்சி, ஒரு பையன் மப்கராவ எடுத்துட்டு வந்தான். மப்கரான்னா தூபக்கால்தான். கங்கு மேல ஊதுக்கட்ட வச்சி புகை வருது. ஒவ்வொருத்தரும் தலத்துணிய ரெண்டு பக்கமும் விரிச்சி புகைய உள்ள வாங்குறாங்க, தாடிக்குக் காட்டுறாங்க. என்கிட்ட தலத்துணியும் இல்ல, தாடியும் இல்ல. சட்டக் காலர இழுத்து உள்ள காட்டினேன், மொத்தப் புகையும் நேரா மூக்குக்குள்ள போயி இருமல்னா இருமல்.

இருமி முடிச்சி நிமிந்து பாக்குறேன், நல்ல வாசன, வயிறு நெறஞ்சிருக்கு, மெத்த மெத்துனு இருக்கு. கச்சேரி இப்பதான் களகட்டப் போகுதுனு நெனச்சி திண்ட எடுத்து முதுகுக்கு வச்சி நல்லா சாஞ்சி உக்காந்தேன். எல்லாரும் எந்திரிச்சி நிக்கிறாங்க. பாத்ரூம் போறாங்க போலனு விட்டுட்டேன்.

காவா ஊத்துறவரு பாவம், தல்லாவோட (காவா கூஜா) நின்னுட்டு இருந்தாரு. நான் கப்ப நீட்டினேன், ஊத்தினாரு. குடிச்சிட்டு கப்ப திருப்பிக் குடுத்தேன், திரும்ப ஊத்தினாரு. மறுக்குறது மரியாதை இல்லையேனு குடிச்சேன். மறுபடியும். போதும்னா கப்ப லேசா ரெண்டு ஆட்டு ஆட்டிக் குடுக்கணுமாம், இல்லன்னா ஊத்திக்கிட்டேதான் இருப்பாங்களாம், எனக்கு எவன் சொன்னான். அஞ்சு கப். அர்பாப் வீட்டுக்காரராச்சே, விருந்தாளிய விட்டுட்டு உள்ள போக முடியாம எதிர்லயே உக்காந்து சிரிச்சிக்கிட்டு இருக்காரு, நானும் சிரிக்கிறேன். பேச ஒண்ணும் இல்ல, அவரு "தமாம்?" (நல்லாருக்கா?)ங்கிறாரு, நான் "தமாம், தமாம்"ங்கிறேன். வாசல்ல மேனேஜர் கண்ணாலயே கதறுறாரு. கடைசில டிரைவர் பட்டாணி உள்ள வந்து "பாயி, காடி கடா ஹை", வண்டி நிக்குதுன்னு சொன்னப்பதான் பாக்குறேன், எட்டு பேர்ல ஏழு பேரும் வண்டிக்குள்ள உக்காந்து ஏசிய போட்டு என்னையே பாத்துட்டு இருக்கானுங்க.

வண்டி கெளம்புனதும் மலையாளி பிஆர்ஓ சொன்னாரு, அரபில ஒரு பழமொழியே இருக்குனு. "பஅதல் ஊத், மா ஃபீ குஊத்." ஊது வந்துட்டா அப்புறம் உக்காருறது கெடையாது. புகை காட்டுறாங்கன்னா விருந்து முடிஞ்சுது, வாசனையா வீட்டுக்குப் போங்கனு அர்த்தம். நம்ம ஊர்ல வெத்தலபாக்குத் தட்ட நீட்டுற மாதிரி. நான் வெத்தலபாக்கையும் வாங்கிக்கிட்டு, எல போடச் சொன்ன கதையா உக்காந்திருந்திருக்கேன்.

அன்னிக்கு அஞ்சு கப் காவா புண்ணியத்துல விடிய விடிய தூக்கம் வரல. முழிச்சிக் கெடந்தப்பதான் அந்த ஐடியா வந்துச்சு. அண்ணாச்சிக்கு ஊர்க்காரர் ஒருத்தர், எங்களுக்கெல்லாம் சித்தப்பா. லீவு நாள் வந்தா பன்னெண்டு மணிக்கு டாண்ணு வந்து பிரியாணி சாப்பிட்டு, என் கட்டில்ல உக்காந்து ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஊர்ல தண்ணி பிரச்சன பேசுவாரு. மூஞ்சிக்கு நேரா போங்கனு சொல்ல முடியுமா? அரபிங்க இதுக்கு ஆயிரம் வருஷம் முன்னாடியே வழி கண்டுபுடிச்சிட்டாங்கல்ல! 35 திர்ஹமுக்கு கரண்ட்டுல வைக்கிற மப்கரா ஒண்ணு, ஒரு டப்பா பக்கூர் (புகை போடுற வாசன சாமான்), எல்லாம் ரெடி. ரூம்ல எல்லாருக்கும் பழமொழிய சொல்லிக் குடுத்தாச்சு.

ஞாயித்துக்கெழம பிரியாணி முடிஞ்சுது. சுவிட்சப் போட்டேன். புகை வந்துச்சு. ஆறு பேரும் மூச்ச புடிச்சிக்கிட்டு சித்தப்பாவையே பாக்குறோம். அவரு மெதுவா எந்திரிச்சாரு. அண்ணாச்சி என் தொடைய கிள்ளுறாரு. எந்திரிச்சவரு மப்கரா பக்கத்துல வந்து நின்னு, லுங்கிய லேசா விரிச்சி உள்ளுக்குள்ள நாலு சுத்து புகை வாங்கிக்கிட்டாரு.

"தம்பி, நல்ல சாமான்யா. மூட்டப்பூச்சிக்குக் கூட நல்லது. வாராவாரம் போடுங்க"ன்னுட்டு, திரும்பி வந்து என் தலகாணியில தல வச்சி காலு நீட்டிப் படுத்துட்டாரு. அன்னிக்குப் பன்னெண்டரைக்குத்தான் போனாரு.

தலகாணி உறைய மூணு தடவ தொவச்சாச்சு. ஊது போயிருச்சு, அவரு தேச்சிருந்த தேங்காயெண்ண அப்படியே இருக்கு.