மாடித் தொட்டி இல்லாத வீடு

கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மூன்று வார விடுமுறையில் வந்திருக்கிறேன். நேற்று காலை அப்பச்சி மாடிக் குளியலறைக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, "நூலாட்டம் வருது பாரு, ஒங்க வீட்டுல தண்ணி எப்படிப்பா வருது?" என்று கேட்டார்கள். அதைச் சொல்லி முடிக்க எனக்கு மதியச் சாப்பாடு வரைக்கும் ஆனது. அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கும் உதவும் என்றுதான் இங்கேயும் எழுதுகிறேன்.

பென்சில்வேனியாவில் ஊரை விட்டுத் தள்ளி வீடு வாங்கினோம். நகராட்சிக் குழாய் கிடையாது, சொந்த போர்வெல்தான். அமெரிக்காவில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர் இப்படிச் சொந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் வாழ்கிறார். 1974இல் வந்த குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டம் இந்தக் கிணறுகளுக்குப் பொருந்தாது, தண்ணீரைச் சோதிப்பதிலிருந்து மோட்டாரைப் பார்த்துக்கொள்வது வரை எல்லாம் வீட்டுக்காரர் பாடு. வீடு வாங்கும்போது இதை யாரும் எங்களுக்கு உட்காரவைத்துச் சொல்லவில்லை.

குடிபோன முதல் வாரம் நான் மொட்டை மாடியைத் தேடினேன். மாடியும் இல்லை, தொட்டியும் இல்லை. நிலவறையில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு நீல உருளை (காற்றழுத்தத் தொட்டி), பக்கத்தில் கைக்கடக்கமான சாம்பல் நிறப் பெட்டி, அழுத்தத்தைக் காட்டும் ஒரு கேஜ், அவ்வளவுதான். உருளைக்குள்ளே ஒரு ரப்பர் பை, அதற்குள் தண்ணீர், வெளியே அடைத்த காற்று. மோட்டார் தண்ணீரைத் தள்ளத் தள்ளக் காற்று அமுங்கும். குழாயைத் திறந்தால் அந்தக் காற்றுதான் தண்ணீரை வெளியே தள்ளும். அழுத்தம் 40 பிஎஸ்ஐக்கு (அழுத்தத்தை அளக்கும் அலகு) இறங்கினால் பெட்டிக்குள் இருக்கும் சுவிட்ச் மோட்டாரைப் போடும், 60க்கு ஏறினால் நிறுத்தும். நம் வீட்டில் உயரம் செய்கிற வேலையை அங்கே காற்று செய்கிறது. குழாய்க்கு மேலே 30 அடியில் தொட்டி இருந்தால் கிடைப்பது வெறும் 13 பிஎஸ்ஐ. 60 வேண்டுமென்றால் தொட்டி 138 அடி உயரத்தில் இருக்க வேண்டும், கோபுரம்தான் கட்ட வேண்டும்.

எங்களுக்குச் சிக்கல் சத்தத்தில் தெரிந்தது. ஒருவர் குளிக்கப் போனால் கீழே 'டக்', கொஞ்ச நேரத்தில் இன்னொரு 'டக்', மறுபடி 'டக்'. ஒவ்வொரு தடவையும் மோட்டார் கால் நிமிடம் போலத்தான் ஓடி நின்றது. மோட்டார் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்டை கிளம்பும்போதுதான் இழுக்கும், அந்தச் சூடு ஆறுவதற்குள் மறுபடி மறுபடி கிளம்பினால் காயில் கருகிவிடும். 80 அடிக்குக் கீழே தொங்குகிற மோட்டாரைத் தூக்கி மாற்றுவது என்ன செலவு என்று விசாரித்தவனுக்குத் தூக்கம் வராது.

மோட்டார் சுவிட்சை அணைத்து, குழாயைத் திறந்து கேஜ் பூஜ்யத்துக்கு வரும்வரை தண்ணீரை வடித்தேன். உருளையின் தலையில் கார் டயரில் இருப்பது போலவே ஒரு வால்வு. டயர் கேஜை வைத்தால் 10தான் காட்டியது. மோட்டார் கிளம்பும் அழுத்தத்தைவிட 2 குறைவாக, அதாவது 38 இருக்க வேண்டும். (வால்வை அழுத்தும்போது தண்ணீர் வந்தால் பை கிழிந்துவிட்டது என்று பொருள், எங்களுக்கு நல்லவேளை காற்றுதான் வந்தது.) டயருக்குக் காற்றடிக்கும் பம்பால் 38க்கு ஏற்றினேன். 'டக்' இடைவெளி இரட்டிப்பானது.

ஆனால் போதவில்லை. அப்போதுதான் வாளியை எடுத்தேன். மோட்டார் நின்றதும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, 60இலிருந்து 40 வரும்வரை தண்ணீரை வாளியில் பிடித்தால் 20 லிட்டர்கூட முழுசாக இல்லை. உருளையோ 76 லிட்டர்! இதுதான் யாரும் எதிர்பார்க்காத இடம்: 40/60இல் (40க்குப் போட்டு 60க்கு நிறுத்தும் சுவிட்சில்) தொட்டி அளவில் கால்வாசிதான் கைக்கு வரும், மீதி காற்றுக்கான இடம். அப்புறம் குழாய்களை மூடி மோட்டாரைப் போட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன், அரை நிமிடத்தில் நிரம்பிவிட்டது. அப்படியென்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 38 லிட்டர் தள்ளுகிற மோட்டார். ஒரு தடவை கிளம்பினால் குறைந்தது ஒரு நிமிடமாவது ஓட வேண்டும் என்பதுதான் கணக்கு. 38 லிட்டர் கைக்கு வர வேண்டுமென்றால் 150 லிட்டர் தொட்டி வேண்டும். முன்பு இருந்தவர்கள் பெரிய மோட்டாரை மாற்றிவிட்டுத் தொட்டியை அப்படியே விட்டிருக்கிறார்கள். 166 லிட்டர் தொட்டி வாங்கி வைத்தோம், சத்தம் அடங்கியது.

பக்கத்து வீட்டுக்காரர் சுவிட்சை 50/70 ஆக்கினால் ஷவர் இன்னும் ஜோராக வரும் என்றார். பெரிய நட்டைத் திருகினால் இரண்டு எண்ணும் சேர்ந்து ஏறும், சின்ன நட்டு இடைவெளியை மாற்றும், வேலை சுலபம்தான். நான் தொடவில்லை. ஒவ்வொரு 10 பிஎஸ்ஐயும் மோட்டாருக்கு 23 அடி கூடுதல் ஆழம் மாதிரி. கோடையில் கிணற்று மட்டம் இறங்கும்போது 70ஐ எட்ட முடியாமல் போனால் சுவிட்ச் நிறுத்தவே நிறுத்தாது, மோட்டார் ஓடிக்கொண்டே கிடக்கும்.

முதல் குளிர்காலத்தில் பனிப்புயலில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. கரண்ட் போனால் தண்ணீரும் போய்விடும் என்பது ஊரில் வளர்ந்த எனக்கு உறைக்கவே இல்லை, இங்கே கரண்ட் போனாலும் மாடித் தொட்டி இருக்குமே. தொட்டியில் மிச்சமிருந்த ஒரு குடம் தண்ணீரைக் குழந்தைக்கு வைத்துக்கொண்டு பனியை உருக்கினோம். மழை வந்தால் ஆயா வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், வரிசையாக அண்டாக்களை வைத்து ஓட்டுத் தண்ணீர் பிடிப்பது அன்று இரவு முழுக்க நினைவில் ஓடியது. இப்போது புயல் அறிவிப்பு வந்தால் குளியல் தொட்டியையும், ஆத்தா கொடுத்துவிட்ட எவர்சில்வர் அண்டாவையும் முதலில் நிரப்பிவிடுகிறோம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம வீட்டுக்கும் அந்த 60ஐப் போட்டுரு" என்றார்கள் அப்பச்சி. வேண்டாம் என்றேன். இங்கே சுவருக்குள் ஓடுவது பழைய இரும்புக் குழாய், வெடித்தால் ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்க்க வேண்டியிருக்கும். மாடித் தொட்டி இருக்கட்டும், மாடிக் குளியலறைக்கு மட்டும் புதிதாக ஒரு பிளாஸ்டிக் லைன் இழுத்து, அழுத்தத்தைக் கூட்டும் சின்ன பூஸ்டர் பம்ப், 24 லிட்டர் காற்றழுத்தத் தொட்டி, 20/40 சுவிட்ச், காற்று 18. எட்டு லிட்டர் கைக்கு வரும். பம்ப் நிமிடத்துக்கு எட்டு லிட்டருக்கு மேல் தள்ளக் கூடாது என்று காரைக்குடிக் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். நாளைக்குப் போய்ப் பார்க்க வேண்டும், வாளியும் எடுத்து வைத்தாயிற்று.