கத்திக்குப் பயமில்லை, குழாய்க்குத்தான்

எடை குறைப்பு ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததும் தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான். "இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுவார்களாமே, பயமாக இல்லையா?" சத்தியமாக இல்லை. வெட்டும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். என் பயமெல்லாம் குழாய் மேல்தான்.

பிரஷ் கொஞ்சம் உள்ளே போனாலே எனக்குக் குமட்டும். மாத்திரையை உடைத்துத்தான் விழுங்குவேன். இது போதாதென்று அப்பாவின் ஞாபகம் வேறு. கடைசி நாட்களில் ஐசியூவில் அவருக்கு மூக்கில் ஒன்று, வாயில் ஒன்று, கழுத்தில் ஒன்று. வாயில் இருந்ததைப் பிடுங்கிவிடுவார் என்று கையைக் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். பதினோரு வருடம் ஆகிறது. ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டாலே அந்தக் கட்டின கைதான் என் கண் முன்னால் வரும்.

சர்ஜனிடம் இதைச் சொல்ல வெட்கம். இவ்வளவு பெரிய ஆபரேஷனுக்குத் துணிந்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குப் பயப்படுகிறாள் என்று நினைப்பாரே. அப்போது கல்லீரலைச் சுருக்குவதற்கான இரண்டு வார டயட்டில் இருந்தேன். பசியில் தூக்கம் வராத ராத்திரிகளில் போனில் படம் படமாகப் பார்த்து இன்னும் கொஞ்சம் பயத்தைச் சேர்த்துக்கொண்டேன். தேதியைத் தள்ளிப்போட என்ன காரணம் சொல்லலாம் என்று யோசிக்கிற அளவுக்குப் போய்விட்டது.

காப்பாற்றியது மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷனுக்கு முன்னால் அவரைப் பார்த்தே ஆக வேண்டும். வாயை அகலத் திறக்கச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார், கழுத்தைப் பின்னால் சாய்க்கச் சொன்னார், டேப் வைத்துக் கழுத்துச் சுற்றளவை எடுத்தார். குறட்டை பற்றிக் கேட்டார். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதற்காக ஏற்கெனவே மாஸ்க் போட்டுத்தான் தூங்குகிறேன் என்றேன். எழுதிக்கொண்டே இருந்தார். எழுந்து போகிற நேரம் வந்தபோது வாயிலிருந்து தானாக வந்துவிட்டது: "டாக்டர், தொண்டையில் ட்யூப் போடும்போது நான் முழித்திருப்பேனா?"

பேனாவைக் கீழே வைத்தார். "இதை உள்ளே வந்ததும் கேட்டிருக்கலாமே!"

மேசை டிராயரிலிருந்து ஒரு குழாயை எடுத்துக் கையில் கொடுத்தார். மாணவர்களுக்குக் காட்ட வைத்திருப்பதாம். கண்ணாடி மாதிரி தெளிவாக, லேசாக வளைந்து, நான் நினைத்ததை விட மெத்தென்று இருந்தது. பக்கத்தில் 7 என்று எண். உள் விட்டம் 7 மில்லிமீட்டர் என்று அர்த்தம். நுனியில் சின்ன பலூன். சிரிஞ்சால் காற்றடித்துக் காட்டினார், திராட்சை அளவுக்கு உப்பியது. மயக்கத்தோடு தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுப்பதால் நாமாக மூச்சு விட முடியாது, மெஷின் இந்தக் குழாய் வழியாகத்தான் காற்றைத் தரும். வயிற்றிலிருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்காமல் அந்தப் பலூன் அடைத்துக்கொள்ளும். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு நுரையீரலே வேலை செய்யாததால் நாள்கணக்கில் வைத்திருக்கிறார்கள், உங்களுக்கு ஆபரேஷன் முடிகிற வரைதான் என்றார்.

"உள்ளே போகும்போது தூங்கிவிட்டிருப்பீர்கள். எடுக்கும்போது அரைத்தூக்கம். நீங்களாக மூச்சு விட்டு, சொன்னால் கையை இறுக்கிப் பிடிக்கிற நிலை வந்த பிறகுதான் எடுப்போம். நிறைய பேருக்கு அது ஞாபகம் இருப்பதில்லை."

யாருக்குமே ஞாபகம் இருக்காது என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். விழித்திருக்கும்போதே போடுவது உண்டா என்று விடாமல் கேட்டேன். உண்டு, வாய் சரியாகத் திறக்காத, கழுத்து வளையாத சிலருக்குத் தொண்டையை மரக்க வைத்து அப்படிப் போடுவோம், உங்களுக்கு வேண்டியிருக்காது என்றுதான் நினைக்கிறேன், மாறினால் முன்கூட்டியே உங்களிடம் சொல்லிவிடுவேன் என்றார். அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்கு மருந்து.

அன்று வீட்டுக்கு வந்து நோட்டில் கோடு போட்டேன். குழாயின் பெயர், உள்ளே போகும்போது விழிப்பா தூக்கமா, வெளியே வரும்போது விழிப்பா தூக்கமா. மூன்றே கட்டம். அடுத்த முறை சர்ஜனிடம் வெட்கத்தை விட்டு நோட்டையே நீட்டிவிட்டேன். ஏழு வரி தேறியது. கையில் டிரிப்ஸ்: விழிப்பு, விழிப்பு. மூச்சுக் குழாய்: தூக்கம், அரைத்தூக்கம். மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் ட்யூப்: ஒரு காலத்தில் எல்லோருக்கும் போட்டுவிடுவார்களாம், இப்போது வழக்கமாக விட்டுவைப்பதில்லை என்றார். அந்த வரியை இரண்டு கோடு போட்டு அடித்தேன். வயிற்றுக்குள் சேரும் நீரை வெளியே எடுக்கும் டிரெயின் குழாய்: தூக்கம், விழிப்பு. இதுவும் எல்லா சர்ஜனும் வைப்பதில்லை, எனக்கு வைப்பவர் வாய்த்தார். மூக்கில் ஆக்சிஜன் முனைகள், காலில் ரத்தம் கட்டாமல் இருக்கச் சுற்றும் பட்டைக்குக் காற்றடிக்கும் குழாய்கள், இதெல்லாம் உடம்புக்குள்ளேயே போவதில்லை. யூரின் ட்யூப் மட்டும் பேரத்தில் முடிந்தது: இப்போது போடவில்லை, ஆனால் ஆபரேஷன் முடிந்து ஆறு மணி நேரத்துக்குள் நீங்களே நடந்து போக வேண்டும், போகவில்லை என்றால் போட்டுத்தான் ஆக வேண்டும். சரி என்றேன். (உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம், உங்கள் டாக்டரிடம் கேட்டே எழுதுங்கள்.)

ஆபரேஷன் அன்று அழுதேன். அதுவும் எதற்கு? கை டிரிப்ஸுக்கு. பருத்த கையில் நரம்பு ஆழத்தில் இருக்கும், அகப்படவில்லை. ஒரு சின்னப் பெண் மூன்று இடத்தில் குத்திவிட்டு என்னை விட அதிகமாக வியர்த்துப்போனாள். பெரிய சிஸ்டர் வந்து, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கையில் சுற்றி, கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப்போடச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்து ஒரே குத்தில் ஏற்றிவிட்டார். ஊசி உள்ளேயே இருக்கிறதென்று நினைத்துக் கையை மரக்கட்டை மாதிரி வைத்திருந்தேன். "ஊசியை அப்பவே எடுத்தாச்சுக்கா, உள்ளே இருக்கிறது மெல்லிசு பிளாஸ்டிக்தான், ஆட்டுங்க" என்று சிரித்தார்.

தியேட்டரில் குளிர். தலைப்பக்கம் நன்றாக உயர்த்தி, சாய்வு நாற்காலி மாதிரி வைத்திருந்தார்கள், பருமனானவர்களுக்கு மூச்சு அப்படித்தான் சுலபமாம். ஆக்சிஜன் மாஸ்க்கை என் கையிலேயே கொடுத்து, நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள் என்றார் அதே டாக்டர். பால் போல வெள்ளையாக ஒரு மருந்து, கை நரம்பில் சுருக்கென்று எரிந்தது. மகள் எந்த வகுப்பு படிக்கிறாள் என்று கேட்டார். பதில் சொன்னேனா, தெரியாது.

அப்புறம் ஒரு இருமல். "கண்ணைத் திறங்கம்மா" என்று ஒரு குரல். நான் முதலில் செய்தது வாய்க்குள் நாக்கால் தேடியது. ஒன்றும் இல்லை. மூக்கில் ஆக்சிஜன் மட்டும். தொண்டை, இரண்டு நாள் கத்திய மாதிரி கரகரவென்று இருந்தது, மூன்றாம் நாள் தானாகச் சரியானது. நான் பயந்தது அவ்வளவுதான். பயப்படாதது வந்து படுத்தியது: தோள்பட்டை வலி. வயிற்றை உப்ப வைக்க அடித்த கார்பன் டை ஆக்சைடின் மிச்சம் உதரவிதானத்தை உறுத்தினால் தோளில் வலிக்குமாம். குமட்டல் வேறு. இரண்டுக்கும் நோட்டில் வரியே இல்லை.

பேரத்தின்படி நாலரை மணி நேரத்தில் டிரிப்ஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு பாத்ரூம் போனேன். முதலில் ஒன்றும் வரவில்லை. குழாயைத் திறந்து தண்ணீர் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு குழாயிடமிருந்து தப்பிக்க இன்னொரு குழாய். வந்தது. வெளியே நின்ற சிஸ்டரிடம் "போயிட்டேன்" என்று நான் கத்தியது வார்டுக்கே கேட்டிருக்கும்.

டிரெயின் மட்டும் உடன் இருந்தது. இடது பக்கம் விலாவுக்குக் கீழே ஒரு மெல்லிய குழாய், அதன் முனையில் கோழிமுட்டை அளவு ரப்பர் குமிழ். குமிழை நசுக்கி மூடிவிட்டால் அது விரியப் பார்த்து உள்ளிருக்கும் நீரை உறிஞ்சும். முதல் நாள் சிவப்பு, மறுநாள் ரோஸ், அப்புறம் வைக்கோல் நிறம். சிஸ்டர் அளந்து எழுதும்போதெல்லாம் நானும் எட்டிப் பார்ப்பேன். வலியை விடத் தொல்லைதான் அதிகம், திரும்பிப் படுத்தால் இழுக்கும், நைட்டியில் குத்தி வைத்த ஊக்கு கழன்று தொங்கும். கை டிரிப்ஸைத் தவிர, விழித்திருக்கும்போது வெளியே வரப்போகும் ஒரே உள் குழாய் என்பதால் முந்தின ராத்திரி தூங்கவில்லை. தையலை வெட்டினார்கள். "மூச்சை நல்லா இழுங்க, மெதுவா விடுங்க." பாவாடை நாடாவை யாரோ உள்ளேயிருந்து உருவுவது போல ஒரு வழுக்கல். கூசியது, வலித்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டு மூச்சுக்குள் முடிந்து பஞ்சு வைத்து ஒட்டிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்துச் செக்கப்புக்குக் காத்திருந்தபோது டிஸ்சார்ஜ் ஃபைலைப் புரட்டினேன். "36 ஃப்ரெஞ்ச் பூஜி" என்று ஒரு வரி. சர்ஜனிடம் கேட்டேன். இரைப்பையைத் தைத்து வெட்டும்போது ரொம்பக் குறுகிவிடாமல் இருக்க, வாய் வழியாக உள்ளே விட்டு அதை ஒட்டியே ஸ்டேப்ளர் போடுவோம், முடிந்ததும் எடுத்துவிடுவோம் என்றார் சாவகாசமாக. எவ்வளவு தடிமன்? மூன்று ஃப்ரெஞ்ச் ஒரு மில்லிமீட்டர். அப்படியென்றால் 12 மில்லிமீட்டர். நான் ராத்திரி ராத்திரியாகப் பயந்த மூச்சுக் குழாயை விடவும் தடிமன்! நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மகளின் ஸ்கேலில் 12 மில்லிமீட்டரை அளந்து பார்த்தேன். பிறகு நோட்டை எடுத்து எட்டாவது வரி எழுதினேன். பூஜி: தூக்கம், தூக்கம்.