ஃபேன் மாடலும் மோட்டார் மாடலும் ஒன்றாக ஓடியது எப்படி

ராணிப்பேட்டை சிப்காட்டில் பாய்லர் ஃபேன் செய்யும் ஒரு நிறுவனத்தில் சிமுலேஷன், அதாவது இயந்திரத்தைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது, என் வேலை. போன வருடம் ஒரு வாடிக்கையாளர் ஃபேனோடு அதன் கணினி மாடலையும் எஃப்.எம்.யு. கோப்பாகக் கேட்டார். எந்த மென்பொருளில் செய்த மாடலும் இன்னொன்றில் ஓட வேண்டும் என்று 2010-ல் வந்த எஃப்.எம்.ஐ. தரத்தின் கோப்பு அது. பிரித்துப் பார்த்தால் ஒரு ஜிப். உள்ளே மாறிகளை விவரிக்கும் எக்ஸ்.எம்.எல்., கூடவே கம்பைல் செய்த நிரல்.

ஃபேனை ஓப்பன்மாடலிகா என்ற சிமுலேஷன் மென்பொருளிலும் மோட்டாரை வேறொரு மென்பொருளிலும் செய்திருந்தோம். இரண்டையும் இணைத்ததும் ஒரு பிழைச்செய்திகூட இல்லாமல் ஓடியது. மோட்டார் சுமை மட்டும் பத்தில் ஒரு பங்கு காட்டியது. மூன்று நாள் சமன்பாடுகளைத் தீர்க்கும் சால்வரையும், அது நகரும் நேர இடைவெளியான ஸ்டெப் அளவையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் ஃபேன்களை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெட்டில் இருக்கும் மூத்தவரிடம் போனேன்.

"இன்னா தம்பி, நாம எல்லாம் வாட்டர் காலம் மில்லிமீட்டர்லதானே பேசறோம்?" என்றார்.

அதேதான். ஃபேன்காரர்கள் அழுத்தத்தை அத்தனை மில்லிமீட்டர் உயர நீர்த்தம்பத்தின் (வாட்டர் காலம்) அழுத்தமாகச் சொல்வோம். ஃபேன் மாடல் 400 மில்லிமீட்டர் என்று தந்ததை மோட்டார் மாடல் 400 பாஸ்கலாக வாங்கிக்கொண்டது. உண்மையில் அது சுமார் 3,920 பாஸ்கல். எஃப்.எம்.ஐ.யில் அலகைக் குறிப்பிட இடம் உண்டு, கட்டாயம் இல்லை. நாங்கள் குறிப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் விவரத்தை ஒரே இடத்தில் மாடலாக எழுதி, மற்றதை அதிலிருந்து உருவாக்கும் மாடல் சார்ந்த பொறியியலுக்கு வந்தோம். அதற்கான கருவியான எக்லிப்ஸ் ஈ.எம்.எஃப்.பில் ஒரு மெட்டாமாடல், அதாவது மாடலில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற விதி: மற்ற மாடலோடு இணையும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் பெயர், அளவு, அலகு, திசை, பிளஸ்-மைனஸ் குறி. இதில் ஒன்று விடுபட்டாலும் கோப்பு உருவாகாது. எக்ஸ்.எம்.எல்., அலகு மாற்றும் நிரல், சோதனை எல்லாம் அதிலிருந்தே தானாக வரும். கருவியைக் கற்க ஒரு மாதம் ஆனது. ஆனால் 'உள்ளே வரும் காற்று பிளஸ்ஸா மைனஸா' என்று இரண்டு பிரிவினரும் ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் நான் ஓய்ந்துவிட்டேன். அந்தப் பேச்சைத் தவிர்த்துவிட்டுக் கருவி வாங்கியிருந்தால் பழைய குழப்பம்தான் வேகமாக நடந்திருக்கும்.

அனுப்பிய பிறகும் ஒரு சிக்கல். வாடிக்கையாளரிடம் லினக்ஸ், நாங்கள் விண்டோஸுக்கு மட்டும் கம்பைல் செய்திருந்தோம். மெட்டாமாடலில் ஒரு வரி சேர்த்து மறுபடி உருவாக்கியதில் அன்று மாலையே தீர்ந்தது. கையால் எழுதியிருந்தால் ஒரு வாரம் போயிருக்கும்.

போன வாரம் பம்ப் பிரிவிலிருந்து அதே மெட்டாமாடலைக் கேட்டு வந்தார்கள். அவர்கள் அழுத்தத்தைக் 'கிலோ'வில், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று, சொல்கிறவர்கள். கணினியைத் திறக்கும் முன்னே நோட்டை எடுத்து அதை முதலில் எழுதிக்கொண்டேன்.