வளவுச் சுவரில் தாளம்

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்துப் பெரிய வீடுகளில் திருமண வரவேற்புக்கு டிஜே வரும்போது, அவர் போடும் பாட்டுக்கு ஏற்ப வளவின், அதாவது வீட்டின் நடு முற்றப் பகுதியின், சுவரிலும் எல்இடி திரையிலும் காட்சிகளை ஓட்டுவது என் வேலை.

பாட்டையும் காட்சியையும் இணைக்க ஒரு கேபிள் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். டிஜேயின் மிக்ஸரிலிருந்து ஒரு பீட்டுக்கு 24 மிடி துடிப்புகள், அதாவது இசைக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் சமிக்ஞைகள், வரும். ரெசொல்யூம் மென்பொருள் அதைப் பிடித்துக்கொண்டு காட்சியை நகர்த்தும். நிமிடத்துக்கு 128 பீட் ஓடும் ஹவுஸ் இசைக்கு இது கச்சிதம். ஆனால் இங்கே கூட்டம் கேட்பது குத்துப் பாட்டு. நம் குத்துப் பாடல்களில் பல திஸ்ர நடை. ஒவ்வொரு பீட்டும் மூன்றாகப் பிரியும். இரண்டாகவும் நான்காகவும் பிரித்துத் தயாரித்த காட்சியை அதற்குப் போட்டால் பீட் சரியாக விழும், இடையில் வரும் மினுக்கல்கள் மட்டும் தாளத்தோடு சண்டை போடும். அதனால் மூன்றாகத் துடிக்கும் காட்சிகளைத் தனியாகவே செய்து வைத்திருக்கிறேன். வாத்தியக்காரர்களை ஒன்றாக உட்காரவைத்துப் பதிவுசெய்த பழைய பாடல்களிலோ வேகமே சற்று ஏறி இறங்கும். அப்போது கேபிளை விட்டுவிட்டு, பீட்டைக் கையாலேயே தட்டிக் கொடுக்கிறேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

வீடும் தன் பங்குக்குப் பேசும். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவர் பளிங்குபோல் மின்னும். புரொஜெக்டர் ஒளியை அப்படியே கண்ணில் திருப்பி அடிக்கும். பர்மா தேக்குத் தூணோ ஒளியை விழுங்கிவிடும். ஆகவே வேகமான துடிப்புகளை எல்இடி திரைக்கு அனுப்பிவிடுகிறேன். சுவரில் பல்லவி முடிந்து சரணம் தொடங்கும்போதுதான் நிறம் மாறும். ஆத்தங்குடிக் கல்லின் பூக்களைச் சுவரில் ஓட்டச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. காலடியில் அசல் இருக்கும்போது நகல் எதற்கு என்று மறுத்துவிடுவேன்.

எந்த மென்பொருளும் சொல்லாத ஒன்றை டிஜேயின் கைகள் சொல்லும். ஹெட்ஃபோனை ஒரு காதில் அழுத்தினால் அடுத்த பாட்டைத் தயார் செய்கிறார். பாஸ் குமிழைக் குறைத்தால் மாற்றம் நெருங்கிவிட்டது. அதனால் அவர் கை தெரியும் இடத்தில்தான் என் மேசையைப் போடச் சொல்கிறேன். அலங்காரக்காரர்கள் முணுமுணுத்தாலும் இதில் விட்டுக்கொடுப்பதில்லை.

நிகழ்ச்சிக்கு முன் அவரோடு உட்கார்ந்து பேசும்போது பாட்டுப் பட்டியல் கேட்பதில்லை. கூட்டத்தின் முகம் பார்த்து அவர் அதை மாற்றிவிடுவார், மாற்றத்தான் வேண்டும். ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்கு எங்கே கலந்து போவார், எங்கே சட்டென்று வெட்டுவார் என்று மட்டும் கேட்கிறேன். “வெட்டுவதற்கு முன்னால் இடது கையைத் தூக்குகிறேன் அண்ணே” என்று ஓர் இளைஞர் தாமாகவே சொன்னார். இப்போது புதிதாக யார் வந்தாலும் அந்த அடையாளத்தையே கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.