ட்ரியெஸ்தேயில் ஐந்து நாள்: என் போஸ்டரும் பிளம் கொழுக்கட்டையும்

இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஸ்லோவேனியா எல்லையை ஒட்டிய துறைமுக நகரம் ட்ரியெஸ்தே. 1964-ல் பாகிஸ்தான் இயற்பியலாளர் அப்துஸ் சலாம் தொடங்கிய சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையம் அங்கேதான் இருக்கிறது. போன அக்டோபரில் அங்கே பருவநிலை மாடலிங், அதாவது பருவநிலையைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பது பற்றி ஐந்து நாள் கருத்தரங்கு. வடகிழக்குப் பருவமழை பற்றிய என் ஆராய்ச்சியை விளக்கும் போஸ்டரை ஏற்றுக்கொண்டதாக மெயில் வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "சாப்பாட்டுக்கு என்னடி பண்ணுவே?"

அதற்கு முன்னால் வந்து நின்றது பெயர்ப் பிரச்சினை. அழைப்புக் கடிதத்தில் நான் இனிஷியலோடு இருந்தேன். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருந்தது. விசா விண்ணப்பம் கொடுக்கப் போன இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அமைப்பாளர்களுக்கு எழுதி, பாஸ்போர்ட்டில் உள்ளபடி புதுக் கடிதம் வாங்கி மறுபடி போனேன். பத்து நாள் போயிற்று. கருத்தரங்குப் பதிவுப் படிவத்தை நிரப்பும்போதே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலி போக வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். போஸ்டரைத் துணியில் அச்சடித்தேன்; புடவை மாதிரி மடித்துக் கைப்பையிலேயே வைத்துவிட்டேன்.

வெனிஸிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். வலது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள், கடைசியில் கடல் கூடவே வரும். முதல் ராத்திரி அறையில் அவலை ஊறவைத்து, கொண்டுபோன புளிக்காய்ச்சலைப் பிசைந்து தனியாகச் சாப்பிட்டேன். வயிறு நிறைந்தது, ஆனால் ஊரே தெரியவில்லை.

மறுநாள் போஸ்டர் நேரம். கடலோர மாவட்டங்களில் என் மாடல் காட்டிய மழை, பெய்ததைவிட அதிகம். ஒரு மூத்த பேராசிரியை வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "மாடலுக்குக் கடல் மேற்பரப்பு வெப்பநிலையைத் தினசரி கொடுத்தாயா, மாதச் சராசரியா?" என்றார். மாதச் சராசரி. புயல் கடந்துபோனால் கடல் குளிர்ந்துவிடும்; அது சராசரியில் காணாமல் போய், மாடலுக்குக் கடல் சூடாகவே தெரியும். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "வா, காபி குடித்துக்கொண்டே பேசலாம்" என்று கூட்டிப்போனார்.

1719-லிருந்தே சுங்கமில்லாத் துறைமுகமாக இருந்த ஊர். காபி மூட்டைகள் இங்கே வந்திறங்கியே வளர்ந்தது. காபிக்கென்று தனிப் பாஷையே வைத்திருக்கிறார்கள். எஸ்பிரெஸ்ஸோவுக்கு 'நேரோ'. அதில் கொஞ்சம் நுரைப் பால் விட்டால் 'கப்போ'. அதையே கண்ணாடி டம்ளரில் வேண்டுமென்றால் 'கப்போ இன் பி'. விரலளவு டம்ளர், அடியில் கருப்பு, மேலே வெளுத்த நுரை. நம் டீக்கடை டம்ளரின் குட்டித் தங்கை என்று தோன்றியது. கவுன்ட்டரில் நின்றபடியே, எந்தத் தரவை எங்கே இறக்கிக்கொள்ளலாம் என்று அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் அவலைத் தொடவில்லை. எனக்கு உதவிய வார்த்தை 'சென்ஸா கார்னே', இறைச்சி இல்லாமல். 'யோத்தா' என்று ஒரு கெட்டி சூப்: பீன்ஸ், உருளைக்கிழங்கு, புளிக்கவைத்த முட்டைக்கோஸ். பெரும்பாலும் பன்றி இறைச்சி சேர்த்தே வேகவைப்பார்கள் என்பதால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். முதல் கடையில் இல்லை என்றார்கள், இரண்டாவதில் கிடைத்தது. முதலில் புளிப்பு ஏறுகிறது, பிறகு மசிந்த பீன்ஸ் அதை அடக்குகிறது. குளிர்காற்றில் நடந்துவந்தவளுக்கு ரசம் சாதம் சாப்பிட்ட நிம்மதி.

கடைசி ராத்திரி பேராசிரியையும் நாங்கள் நாலு மாணவர்களும் சேர்ந்து போனோம். 'ன்யொக்கி தி சுசினே' வந்தது. ஆஸ்திரிய ஆட்சிக்காலத்து வழக்கமாம். உருளைக்கிழங்கு மாவுக்குள் ஒரு முழு பிளம். கொட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சர்க்கரை. மேலே வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளும் பட்டைப்பொடியும். கரண்டியால் பிளந்ததும் ஊதாச் சாறு தட்டில் ஓடியது. படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: "கொழுக்கட்டைதானே! சர்க்கரைக்குப் பதில் வெல்லம் வைக்கலாமான்னு கேளு."

கேட்டேன். பரிமாறிய பெண்மணிக்கு வெல்லம் என்னவென்று புரியவைக்கவே பேராசிரியைக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று.