கோழி கிடைக்காத உணவகம்

அமெரிக்காவின் மினியாபோலிஸ் பக்கம் போகிறவர்கள் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால் ஓவாம்னி என்றுதான் சொல்வேன், கூடவே கோழி கேட்காதீர்கள், கிடைக்காது என்றும் சொல்லிவிடுவேன். மாட்டிறைச்சி, பன்றி, பால், வெண்ணெய், கோதுமை மாவு, கரும்புச் சர்க்கரை எதுவும் அந்தச் சமையலறைக்குள் வருவதில்லை. வெள்ளைக்காரர்கள் வந்து இறங்குவதற்கு முன்பே அந்த மண்ணில் இருந்ததை வைத்துத்தான் சமைப்பார்கள். ஓக்லாலா லகோட்டா என்ற பூர்வகுடி இனத்தவரான ஷான் ஷெர்மன், டானா தாம்ஸனோடு சேர்ந்து 2021-ல் திறந்தார், அடுத்த வருடமே அமெரிக்காவின் சிறந்த புதிய உணவகம் என்று, அங்கே சமையல் உலகின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது வந்துவிட்டது.

இதைக் கேட்டுப் பத்தியச் சாப்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். பைசன் என்ற அமெரிக்கக் காட்டெருமையின் கறி உண்டு, மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி உண்டு, இனிப்புக்கு மேப்பிள் பாகு. காரமும் உண்டு, ஏன் இருக்காது? மிளகாயே அமெரிக்கக் கண்டங்களின் சொத்து. தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை எல்லாம் அங்கிருந்து கப்பலேறி நம்மிடம் வந்தவைதான், அதனால் பாரம்பரியச் சமையல் என்று மார்தட்டும்போது நாம் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

எனக்கு அங்கே மிகவும் பிடித்தது காட்டரிசி. பெயர்தான் அரிசி, நம் நெல்லுக்குத் தூரத்துச் சொந்தம், ஏரித் தண்ணீரில் தானாக முளைக்கும் ஒரு புல்லின் மணி. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் ஓஜிப்வே என்ற பூர்வகுடி மக்கள் சிறு படகில் போவார்கள், ஒருவர் கழியால் தள்ள இன்னொருவர் இரண்டு குச்சிகளால் கதிரை வளைத்துத் தட்டுவார், முற்றியது படகில் விழும், தண்ணீரில் விழுவது அடுத்த வருட விதை. பிறகு உலர்த்தி, வறுத்து, உமி நீக்க வேண்டும். சூப்பர்மார்க்கெட்டில் கன்னங்கரேலென்று விற்பது பெரும்பாலும் வயலில் பயிரிட்டு இயந்திரத்தில் அறுத்தது, ஒரு மணி நேரம் கொதித்தாலும் விறைப்பாகவே நிற்கும். ஏரி அரிசி சீக்கிரம் வெந்து மலரும், புகை வாசனையும் லேசாக இருக்கும். விலை அதிகம்தான். அந்த உழைப்பைப் பார்த்தபின் பேரம் பேச வாய் வராது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு இரண்டு மனசு. வட அமெரிக்கப் பூர்வகுடி உணவு என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது ஃப்ரை பிரெட், நம் பூரி மாதிரி எண்ணெயில் பொரித்த மாவு. அது ஓவாம்னியில் இல்லை. காரணம் நியாயமானதுதான்: 1864-ல் நவாஹோ மக்களை ஊரைவிட்டு விரட்டி, நூற்றுக்கணக்கான மைல் நடத்திக் கொண்டுபோய் நியூ மெக்ஸிகோவில் அடைத்தபோது அரசாங்கம் அளந்து கொடுத்த மாவிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் பிறந்தது அது என்பார்கள். நீரிழிவுக்கும் அதன்மேல் பழி போடுகிறார்கள். ஆனால் பசியில் கையில் இருந்ததை வைத்து ஒரு பாட்டி செய்த பண்டம் தலைமுறை தலைமுறையாகத் திருவிழாக்களில் வரிசையில் நின்று வாங்கும் பண்டமாகிவிட்டது, அதை இனி எப்படி அவர்களுடையது இல்லை என்பது? டென்வரில் 2008-ல் தொடங்கிய டொகாபே என்ற பூர்வகுடி உணவகம் அந்த ரொட்டியின் மேலேயே பைசன் கறியை வைத்துக் கொடுத்துத்தான் பெயர் வாங்கியது. எனக்கு இரண்டும் வேண்டும்.